கறுப்பி, வெள்ளைச்சி: இரண்டு ரிவோல்வர்களில் ஒன்று

1

கொக்குவிலில் இருந்து மச்சாள் போன வாரம் தொலைபேசி எடுத்தாள். அங்கே மழை, இங்கே பனி, யாருக்கு என்ன வருத்தம் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீ துவக்கோட திரியிறியாம். உண்மையோடி?"

"திரியேல்லை மச்சாள். சனிக்கிழமையில போய்ச் சுட்டுப்போட்டு வாறனான்."

"ஆரை?"

"கடதாசியை."

"உனக்கு ஆரும் செய்வினை செய்துபோட்டினமோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

ஊரில் ஒரு சொல் கிளம்பினால் அது வீடு வந்து சேருவதற்குள் கை கால் முளைத்துவிடும். நான் பொலிசில் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு கதை. புருசனைப் பயமுறுத்த வைத்திருக்கிறேன் என்று இன்னொரு கதை. இரண்டாவதை இவரே சிரித்துச் சிரித்து நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். தைப்பூசமும் வருகிறது. போன தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதையும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2

யாழ்ப்பாணத்தில் கார்னிவல் போட்டால் பலூன் சுடும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். பலகையில் வரிசையாகப் பலூன்கள், முன்னால் ஒரு காற்றுத் துவக்கு. அண்ணா சுடுவான். நான் அவனுடைய சைக்கிள் திறப்பையும் கச்சான் கடலைச் சரையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஒருமுறை நானும் சுடப்போகிறேன் என்றேன். கடைக்காரர் சிரித்தார். அண்ணாவும் சிரித்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்றான். வந்த கோபத்துக்கு அவனுடைய கச்சான் முழுவதையும் நானே தின்று முடித்தேன்.

பிறகு வந்த வருடங்களில் சந்திக்குச் சந்தி உண்மையான துவக்குகள் நின்றன. அவற்றைப் பார்க்காமல் நடந்து போகப் பழகினோம். பார்த்தால் ஏன் பார்த்தாய் என்று கேட்பார்கள். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

அம்மாவும் நானும் தங்கச்சி சுகியும் ரொறன்ரோ வந்து சேர்ந்தபோது சுகிக்கு நாலு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீடு. அம்மாவுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை, சில வருடங்களில் கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு சுகியின் பள்ளிக்கூடம், பல்வைத்தியர், பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் வேலை உடுப்போடு ஓடியவள் நான். கலியாணம் கட்டி வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கியபோதும் அவளுக்கு ஒரு அறை விட்டுத்தான் வாங்கினோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுகிக்கு ஒரு மகன், பெயர் நிலவன். அவன் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடத் தொடங்கிய நாளில் நான் வேலைக்குப் போகாமல் நின்றேன்.

மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் மரிவிக் என்ற பிலிப்பைன்ஸ்காரி. ஒரு சனிக்கிழமை, வடக்கே ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சுடும் கழகத்தில் பெண்களுக்கு இலவச நாள் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். காதுக்குக் கவசம் போட்டார்கள், கண்ணுக்குக் கண்ணாடி. கைத்தொலைபேசியை வாங்கி வெளியே வைத்தார்கள். யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அன்ரி, மெஷின் நிண்டுபோச்சு. அக்கா, பிள்ளையை எடுக்க வாறியளோ. இஞ்சாரும், மஞ்சள் பொடி எங்கை. அந்தக் குரல்கள் ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு தாள், அதில் ஒரு கறுப்பு வட்டம். சுட்டேன். நடுவில் ஓட்டை விழுந்தது. கார்னிவல் கடைக்காரரை நினைத்துத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னேன். மரிவிக்குக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இந்த நாட்டில் நான் செய்த எல்லாவற்றையும் யாருக்காகவோ செய்தேன், சந்தோசமாகத்தான் செய்தேன். இது ஒன்றுதான் எனக்காக எடுத்தது. அதனால் லேசில் விடமாட்டேன் என்று அன்றே முடிவு கட்டினேன்.

3

இங்கே துவக்கு வாங்குவது கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்குவது மாதிரி என்று ஊரில் நினைக்கிறார்கள். அது பக்கத்து நாடு. இங்கே முதலில் வகுப்பு, பிறகு சோதனை, பிறகு விண்ணப்பம், பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. என்னைத் தெரிந்தவர்கள் கையெழுத்து வைக்கவேண்டும். புருசனையும் தனியாக விசாரிப்பார்கள். ஒருநாள் அதிகாரி ஒருவர் இவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

வீட்டில் ஏதாவது மன அழுத்தம் உண்டா என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் பொய் சொல்லாத மனிசன்.

"எவ்ரி டே, சேர்" என்றிருக்கிறார்.

வீட்டு மோர்ட்கேஜ் கடனையும் பனி தள்ளுவதையும் மனதில் வைத்துச் சொன்னாராம். அந்த ஒரு வசனத்துக்காக இன்னும் ஒரு தடவை விசாரணை. அனுமதி இன்னும் இழுபட்டது. அந்த மாதங்களில் நான் அவரோடு கதைத்த விதத்தில் உண்மையாகவே மன அழுத்தம் வந்திருக்கும்.

ஒருவழியாக அனுமதி வந்தது. கொஞ்சக் கால இடைவெளியில் இரண்டு ரிவோல்வர் வாங்கினேன். அதன் பிறகு அரசாங்கம் கைத்துவக்குகளை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று நிறுத்திவிட்டது. வைத்திருப்பவர்கள் வைத்திருக்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான், என்னைப் போன்ற ஒருத்தி இனி ஒன்று வாங்க முடியாது. இந்த விசயத்தை வாசிப்பவர்கள் மனதில் வைத்திருக்கவேண்டும்.

4

இனி இரண்டையும் பற்றி. இரண்டும் இருபத்திரண்டு கலிபர், சிறிய ரவைக் குண்டு, சத்தமும் உதைப்பும் குறைவு. பொழுதுபோக்காகத் தாளில் சுடுபவர்களுக்கு அது போதும். ஒன்று கறுப்பு உருக்கு, மரக் கைப்பிடி. மற்றது வெள்ளி நிறத் துருப்பிடியா உருக்கு, றப்பர் கைப்பிடி. எங்கள் வீட்டு மாடுகளுக்கு வைத்த பெயர்களையே வைத்தேன்: கறுப்பி, வெள்ளைச்சி.

கறுப்பி பழைய முறை. உருளையில் ஆறு ரவை. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்து ஒன்றைப் போட்டு உருளையைத் திருப்பி மற்றதைப் போடவேண்டும். சுட்டு முடிந்ததும் வெறும் கோதுகளையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்கவேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் பெருவிரலால் பின்னாலுள்ள குதிரை என்ற சுத்தியலை இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். நிறுத்திவிட்டால் விசை பூப்போல, தொட்டால் போதும். குறிபார்க்கும் முனை அசையாதது. சற்றே இடப்பக்கம் சுடும், அதைத் தெரிந்துகொண்டு வலப்பக்கம் பிடிக்கவேண்டும்.

வெள்ளைச்சி நாகரிகம் தெரிந்தவள். உருளை அப்படியே வெளியே சாயும், பத்து ரவையை மளமளவென்று போடலாம். முடிந்ததும் ஒரு தள்ளு, பத்துக் கோதும் கொட்டும். குறிமுனையைத் திருகாணியால் சரிசெய்யலாம். குதிரையை இழுக்கத் தேவையில்லை, விசையை இழுத்துக்கொண்டே போகலாம். ஆனால் அந்த இழுவை நீளம், பாரம். பாதி வழியில் கை நடுங்கத் தொடங்கும். அப்படி இழுத்துச் சுட்டால் என் ஓட்டைகள் தேங்காய்ப் பாதியளவு வட்டத்தில் பரந்து கிடக்கும். வெள்ளைச்சியிலும் குதிரையை இழுத்து வைத்துச் சுட்டால் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய் அளவுக்குள் வந்துவிடும். கறுப்பி எப்போதும் தேசிக்காய்தான்.

துப்புரவு விசயத்தில் வெள்ளைச்சி சிணுங்குபவள். கொஞ்சம் கரித்தூள் உள்ளே தங்கினால் உருளை இறுகிப்போகும். கறுப்பியைத் துடைக்காமல் விட்டாலும் கோபிக்கமாட்டாள். குளிர்காலத்தில் விரல் விறைத்த நேரத்தில் கறுப்பியின் சின்னக் கதவோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. வெள்ளைச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு எது நல்லது என்று கேட்டால் வெள்ளைச்சி என்றுதான் சொல்லுவேன். வயது போகிறவருக்கும் அவள்தான். எனக்குப் பெருவிரல் அடிமூட்டில் நோ தொடங்கிவிட்டது. பகல் முழுக்க வில்லை பிடிக்கும் கை.

5

இனி, அந்தத் தைப்பூசத்துக்கு முந்திய விஜயதசமிக் கதை.

எங்கள் அப்பா தையல்காரர். சரஸ்வதி பூசைக்கு எங்களுடைய புத்தகங்களோடு அவருடைய பெரிய கத்தரிக்கோலும் போகும். வைத்ததைப் பூசை முடியுமுன் எடுக்கக்கூடாது. ஒரு வருடம் கலியாணச் சட்டை தைக்கக் கொடுத்த பெண் வீட்டார் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அப்பா அசையவில்லை. "கத்தரிக்கோல் அம்பாளிட்டை நிக்குது. போய் அவவிட்டைக் கேளுங்கோ" என்றார். நான் அந்த வீட்டில் பிறந்தவள்.

வெக்ஸ்போர்ட்டிலும் அப்படித்தான். வரவேற்பறை மூலையில் தாழ்வான மேசை, சிவப்புத் துணி, அம்பாள் படம். என் வில்லை அளக்கும் கருவி, இவருடைய துளை போடும் மெஷின், கார்த் திறப்பு எல்லாம் வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் வைத்துவிட்டுப் பார்ப்பேன், ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். நான் ஆசையோடு கையில் எடுக்கும் பொருள் மட்டும் மேல்மாடியில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறதே என்று மனம் அரித்தது.

அந்த விஜயதசமிக் காலையில் கறுப்பியை எடுத்து வந்தேன். ரவை இல்லை, விசைக்குப் பூட்டு. பூசை நடக்கும் நேரம் மட்டும், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்று கணக்கு வைத்தேன். சட்டப்படி பூட்டி வைக்கவேண்டிய பொருள் என்பது தெரியும். சுகியும் நிலவனும் பத்து மணிக்குத்தான் வருவதாக இருந்தார்கள். அன்றைக்கு நிலவனுக்கு எங்கள் வீட்டில் ஏடு தொடக்குவதாக ஏற்பாடு. அவனுக்கு மூன்று வயது. அவனை என் மடியில் இருத்தி, விரல் பிடித்து முதல் எழுத்து எழுதவைக்கத் தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி வைத்திருந்தேன்.

"உமக்கு விசரே? துவக்குக்குச் சந்தனப் பொட்டோ?" என்றார் இவர்.

"உங்கட துளை போடுற மெஷினுக்கு வைக்கலாம், என்ரை சாமானுக்கு வைக்கக்கூடாதோ?"

மரக் கைப்பிடியில் பொட்டு வைத்தேன், ஒரு செவ்வரத்தம் பூ. வடிவாகத்தான் இருந்தது. கற்பூரத் தட்டை எடுக்கத் திரும்பினேன். வாசல் மணி அடித்தது, இவர் போய்த் திறந்தார். தெருவில் வாகனம் குறைவாம், நேரத்தோடு வந்துவிட்டார்கள். நிலவன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூ இருக்கும் இடத்துக்கு நேரே ஓடி வந்தான். நான் தட்டைக் கீழே வைப்பதற்குள் அவனுடைய குட்டி விரல் கறுப்பியின் பொட்டில் பட்டுவிட்டது. விரலைத் தூக்கி எனக்குக் காட்டி, "பெரியம்மா, மஞ்சள்" என்றான்.

சுகி பின்னால் நின்றாள்.

"அக்கா, இஸ் தற் றியல்? உண்மையான துவக்கோ?"

"ரவை இல்லை பிள்ளை. பூட்டியிருக்கு. பார், விசை இழுபடாது..."

"ஓ மை கோட். நீங்கள் எனக்கு எக்ஸ்பிளெயின் பண்ணுறீங்கள்!"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பிள்ளையைத் தூக்கினாள், கழற்றிக் கிடந்த சப்பாத்தைப் பொறுக்கினாள். "அந்தச் சாமான் இருக்கிற வீட்டுக்கு இவனைக் கொண்டு வரமாட்டன். ஐ மீன் இற், அக்கா." கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அரிசித் தாம்பாளம் அப்படியே கிடந்தது. இவர் வாசலுக்குப் போய் அவர்களுடைய கார் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கறுப்பியைத் துடைத்துப் பூட்டிவிட்டு, கடலையும் அவலும் பங்கு போட்டு வைத்த கிண்ணங்களுக்கு முன்னால் இருந்து அழுதேன். பிழை என்னுடையது. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

6

ஏடு தொடக்குவதை மூன்று வயதில் விட்டால் ஐந்தில்தான் செய்வது வழக்கம், நாலு ஆகாது. விஜயதசமி போனாலும் தைப்பூசம் இருக்கிறது. அதற்குள் நிலவனுக்கு மூன்று முடியாது. ஆகவே எனக்குக் கிடைத்த தவணை தைப்பூசம் வரைக்கும்.

சுகி கைத்தொலைபேசியில் குறுஞ்செய்திக்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டாள். ஓகே. ஃபைன். பிஸி. மார்கழி விடுமுறைக்கும் வரவில்லை. இவர் நெடுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"இரண்டையும் குடுத்துவிடும். பிள்ளையை விட இரும்பு பெரிசோ?"

"பிள்ளையும் வேணும், இரும்பும் வேணும்."

"இரண்டும் கிடைக்காது."

"கிடைக்கப் பண்ணுறன். பாருங்கோவன்."

ஆத்திரத்தில் சொன்ன பதில் இல்லை. இரண்டையும் கொடுத்துவிட்டு நிலவனைத் தூக்கி வைத்திருந்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் மனதின் ஒரு மூலையில் அந்தப் பிள்ளைமேல் கோபம் வந்துகொண்டே இருக்கும். எனக்கு என்னைத் தெரியும். அப்படி ஒரு பெரியம்மாவாக இருக்க நான் விரும்பவில்லை.

கழகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே ஒரு பாதுகாப்புப் பெட்டகம் உண்டு. மாகாண அலுவலகத்தின் அனுமதி எடுத்தால் உறுப்பினர் தங்கள் துவக்கை அங்கேயே வைக்கலாம், ஆனால் ஆளுக்கு ஒன்றுதான். கழகச் செயலாளர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார், இடம் அவ்வளவுதானாம். அனுமதிக்கு எழுதி, அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, வேறொரு இலக்கத்துக்கு மாற்றப்பட்டு, அங்கேயும் அதே பாட்டைக் கேட்டு, முடித்தேன். ஒன்றுக்கு இடம் கிடைத்தது. மற்றது போகவேண்டும், போனால் வராது.

இவர், மரிவிக், கழகத்தில் கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: வெள்ளைச்சியை வைத்திரு. உன் பெருவிரலுக்கு அதுதான் சரி. நியாயமான பேச்சு. நான் மேலே எழுதியதை வாசித்தவர்களும் அதைத்தான் சொல்லுவீர்கள்.

ஒரு சனிக்கிழமை இரண்டையும் கொண்டுபோய் மாறி மாறிச் சுட்டேன். தாள்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளைச்சியின் ஓட்டைகள் கொஞ்சம் பரந்திருந்தன, ஆனால் பெரிய வித்தியாசம் அதில் இல்லை. வித்தியாசம் என்னில் இருந்தது. வெள்ளைச்சியில் பத்து இருக்கிறது என்ற தைரியத்தில் முதல் இரண்டு மூன்றையும் யோசிக்காமல் விடுவேன். இழுத்தால் போகும், போனால் இன்னும் இருக்கிறது. கறுப்பி அப்படி விடமாட்டாள். ஒவ்வொரு தடவையும் பெருவிரலால் இழுத்து நிறுத்தவேண்டும். அந்த இடைவெளியில், சுடப்போகிறேனா இல்லையா என்று ஒரு தரம் மனதைக் கேட்கிறேன். சில வேளை இல்லை என்று இறக்கி வைத்திருக்கிறேன். விரல் நொந்தால் அன்றைக்கு நிறுத்தவேண்டியதுதான். நொந்துகொண்டு சுடுவதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.

கறுப்பியைக் கழகத்தில் வைத்தேன். வெள்ளைச்சிக்காகப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீங்கள் கொண்டு வராதீர்கள், நாங்கள் வருகிறோம் என்றார்கள். வந்த இளைஞன் மரியாதையாகக் கையொப்பம் வாங்கினான், பெட்டியோடு கொண்டுபோனான். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவில்லை. மேல்மாடியில் இரும்புப் பெட்டி வெறுமையாகிவிட்டது. இவர் அதற்குள் வருமான வரிப் பத்திரங்களை வைத்துக்கொண்டார்.

7

சுகிக்குச் செய்தி எழுதினேன். வீட்டில் ஒன்றும் இல்லை, ஏடு தொடக்கத் தைப்பூசத்துக்கு வா. பதில் வர இரண்டு நாள் எடுத்தது. வாறம் என்று மட்டும் இருந்தது.

அன்றைக்குப் பனி கொட்டியது. சுகி பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே உள்ளே வந்தாள், இறக்கிவிடவில்லை. முதலில் மேல்மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பார்க்கட்டும். இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"சோ, விட்டிட்டீங்களோ?"

"ஒண்டைப் பொலிசுக்குக் குடுத்திட்டன். மற்றது கழகத்தில பூட்டிக் கிடக்கு. வீட்டுக்கு இனி வராது."

"எது? அவன் தொட்டதோ?"

இவர் எனக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். வேறு எதையாவது சொல்லு என்ற அர்த்தம்.

"ஓம். அதைத்தான் வைச்சிருக்கிறன்" என்றேன். "சனிக்கிழமை போறனான். இனியும் போவன். உனக்கு விருப்பமில்லை எண்டு தெரியும். நான் செய்தது பிழை, பிள்ளை வாற இடத்தில அதை வைச்சிருக்கக்கூடாது. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். சுடுறதுக்குக் கேக்கமாட்டன்."

நான் வளர்த்த பிள்ளை, ஆனால் அவள் முகத்தை அந்த நேரம் என்னால் வாசிக்க முடியவில்லை. அவள் கோட்டின் பொத்தான்களைத் திரும்பவும் போட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வாசல் வரைக்கும் போய் வழியனுப்புவேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

"நேற்றுச் சனிக்கிழமை. போனனீங்களோ?"

"போனனான்."

"அப்ப போய்க் கையைக் கழுவுங்கோ. சோப் போட்டு. சுடுதண்ணி வேண்டாம், குளிர் தண்ணியில. அந்த ஈயத்தூள் சுடுதண்ணியெண்டால் தோலுக்குள்ள போகுமாம்." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் வாசிச்சனான்."

அன்று காலையில் நான் தலை முழுகியிருந்தேன். நேற்றைய ஈயத்தூள் கையில் மிஞ்சியிருக்க வழியே இல்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தை மாதத் தண்ணீர் விரல்களை விறைக்கவைத்தது. அவள் வாசலில் நின்று, முழங்கை வரைக்கும் கழுவுகிறேனா என்று பார்த்தாள். இரண்டாம் தரமும் சோப் போட்டேன்.

துவாயை எடுத்து அவளே நீட்டினாள். பிறகு நிலவனை இடுப்பிலிருந்து இறக்கி, "போ, பெரியம்மாவின்ரை மடியில இரு" என்றாள்.